வழக்குக்கு வேண்டிய பயம்

காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவது எனக்குப் பிடித்த வேலை. தங்கையின் வழக்குக் கோப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தாள்கூட இடம் மாறியிருக்காது.

அவள் ஒரு துணிக்கடையின் நான்காவது மாடியில், தையல் பிரிவில் வேலை பார்த்தாள். கடையின் பழுதான லிஃப்டில் நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். வெளியே வந்தவள் பழைய ஆளாக இல்லை. குளிக்கப் போனால்கூடத் தாழ்ப்பாள் போடமாட்டாள். வாசலில் என்னை நிற்கச் சொல்வாள். அம்மா இறந்தபின் அவளை வளர்த்தவன் நான். கடைமீது நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்குக்கு அலைந்தவனும் நான்தான்.

சின்ன வயதிலிருந்தே அவள் பயந்த சுபாவம், லிஃப்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கடைத்தரப்பு சாதித்தது. எங்கள் வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கை ஒடிஞ்சா எக்ஸ்ரே காட்டலாம் தம்பி. மனசு ஒடிஞ்சா எதைக் காட்டுறது? பயம் இருக்குன்னும் காட்டணும், அது லிஃப்டால வந்ததுன்னும் காட்டணும்."

நீதிமன்றம் ஒரு மனநல மருத்துவரை நியமித்தது. அவர் மூன்று முறை அவளைப் பரிசோதிப்பார். முதல் பரிசோதனைத் தேதி வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் மாலை சிரித்துக்கொண்டே வந்தாள். "அண்ணா, இன்னைக்கு நூலகத்துல லிஃப்ட்ல தனியாவே போயிட்டேன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. இத்தனை நாள் நான் நாயாய் அலைந்தது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள் அவளைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். பத்து நிமிஷம்தான். இல்லாததை நான் உண்டாக்கவில்லை; இருந்ததை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவே. இரண்டாம் பரிசோதனைக்கு முன் ஒரு மணி நேரம். பிறகு இடையிலும் தேவைப்பட்டது. வாரத்துக்கு இரண்டு நாள்.

"நான் என்னண்ணா தப்பு பண்ணேன்?" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள்.

"நீ பண்ணலம்மா, அவங்க பண்ணாங்க. அதைத்தான நிரூபிக்கப் போறோம்" என்று பொறுமையாகச் சொல்வேன்.

கதவைத் தட்டித் தட்டி அவள் கை வீங்கிப்போனது. அடுத்த முறை உள்ளே அனுப்புமுன் நானே கையில் துணி சுற்றிவிட்டேன்.

மூன்றாம் பரிசோதனையில் மருத்துவரின் அறைக் கதவை மூட அவள் விடவில்லை. அதனால் வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"லிஃப்ட் பயம் எப்பவோ போயிடுச்சு டாக்டர். வெளில உக்காந்திருக்காரே, அவரைப் பார்த்தாத்தான் பயம்."

அண்ணன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சில் நான் இருந்த நிலையை விளக்க எனக்கு வார்த்தை போதாது. பெற்ற பிள்ளைபோல நான் வளர்த்தவள், எதிர்த்தரப்புக்கு வேண்டியதை ஒரே மூச்சில் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வழக்கு தள்ளுபடியானது.

ஆமாம் இன்ஸ்பெக்டர் சார், பூட்டினேன். நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில்.

இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள். அவளுக்காக அறைக்கதவையே கழற்றி வைத்திருக்கிறார்களாம். அந்த அளவுக்குப் பயம் மிச்சமிருக்கிறதென்றால் நாம் இன்னும் தோற்றுவிடவில்லை. உங்களில் யாராவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் இருக்கிறது. நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன்.