தம்பிக்காக வாங்கிய வாய்தா

வெள்ளைச் சட்டையில் முதலில் அழுக்காவது காலர்தான். நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். தம்பியின் வக்கீல் அங்கே சட்டையைச் சலவைக்குப் போட வந்து பழக்கமானவர்.

அவன் வழக்கு இத்தனை வருஷம் ஏன் தொடங்கவில்லை என்று கேட்டீர்கள், ஐயா. சொல்கிறேன். விசாரணை தொடங்காமல் ஒருவரை ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கைதியின் தரப்பே வாய்தா கேட்டால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. வக்கீல்தான் எச்சரிக்கையாகச் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் வாய்தா கேட்கச் சொன்னேன். எனக்கு மூட்டுவலி, சாட்சி ஊரில் இல்லை, ஏதாவது ஒன்று.

"ஏம்மா, தம்பிய வெளிய எடுக்கப் பாக்குறீங்களா, உள்ளயே குடிவைக்கப் பாக்குறீங்களா?" என்று சிரித்தார்.

"அவசரப்பட்டு சொதப்பிட்டா யார் சார் பதில் சொல்றது?"

சனிக்கிழமை தோறும் அவனைப் பார்க்கப் போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பான்.

"அக்கா, சட்டப்படி என்னை எப்பவோ விட்டிருக்கணுமாமே?"

"யாருடா சொன்னது?"

"உள்ள ஒரு வாத்தியார் இருக்காரு."

"அவ்வளவு சட்டம் தெரிஞ்சவரு உள்ள ஏன்டா இருக்காரு?"

சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை. நான் கேட்கவில்லை.

"சரிக்கா, நீ பாத்துக்கோ."

என் கணவர் மாடிப்படியில் விழுந்து செத்தார். என்னை அடித்ததற்காக முந்தின நாள் அவரோடு சண்டை போட்டவன் தம்பி. சத்தம் கேட்டு ஓடிவந்து அவரை மடியில் போட்டுக்கொண்டவனும் அவன்தான். ரத்தம் அவன் சட்டையில் இருந்ததால் போலீஸ் அவனைக் கூட்டிப் போனது. என் மேல் ஒரு சொட்டு இல்லை. மேலே நின்று முதுகில் தள்ளினால் ரத்தம் படாது.

நான் அங்கே நின்றதை அவன் பார்த்தான். பார்த்ததை இன்னும் யோசிக்கவில்லை. விசாரணை வந்தால் மேலே யார் இருந்தது என்று கேட்பார்கள். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வெளியே வந்தாலும் வீட்டுக்குத்தான் வருவான், அந்தப் படியில்தான் ஏறுவான்.

அப்படிப் பார்க்காதீர்கள், ஐயா. தீர்ப்பு வரும்வரை அவன் நிரபராதி, அதுவும் சட்டம்தான். இன்றுவரை எந்த நீதிமன்றமும் அவனைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. அந்தப் பெயர் என் தம்பிக்கு வராமல் காப்பாற்றியவள் நான்.