பன்னீர் ரோஜாவைக் காயப்போடும் விதம்

ரோஜாச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் பூக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை தாயி. வாசலில் பார்த்தீர்களே பன்னீர் ரோஜாப் புதர், அதை வருஷத்துக்கு ஒரு தடவை காயப்போட வேண்டும். கிளையைக் கவாத்து வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை பழுக்கும், உதிரும், பார்க்கிறவர்களுக்குச் செடி செத்தது போலத்தான் இருக்கும். மனசு இளகி ஒரு செம்பு ஊற்றிவிட்டால் போச்சு. வெறும் இலையாக மண்டி நிற்கும். பொறுத்திருந்து வெட்டி, அப்புறம் தண்ணீர் காட்டினால் செந்துளிர் விட்டுக் கிளம்பும், கொத்துக் கொத்தாக.

நீங்கள் கேட்டது ரோஜாவைப் பற்றி இல்லை, என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார் என்று. தெரியும். அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

சோலைமலை என்றால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும். கண்டக்டர். "செம்பட்டி, வத்தலக்குண்டு, ஏறு ஏறு" என்று ஊர்ப் பேரையெல்லாம் தொண்டை கிழியச் சொன்ன வாய், என் பேரை ஒரு நாளும் சொன்னதில்லை. "ஏ, இந்தா." அம்புட்டுத்தான். ஒரு தடவை அய்யலூர்ச் சந்தையில் வெள்ளாட்டுக் குட்டி பிடித்து வந்தார். அதற்கு ராணி என்று பேர் வைத்தார்.

"எனக்குங்கூட ஒரு பேர் இருக்குங்க" என்றேன்.

"இருக்கட்டும். ரேஷன் கார்டுல பத்திரமா இருக்குல்ல?"

பஸ்ஸே சிரிக்கும்படி பேசுகிறவர். நானும் சிரித்தேன்.

போன ஆடியில் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மிச்சம். படுத்த இடத்திலிருந்து "ஏ, இந்தா, தண்ணி", "ஏ, இந்தா, தலகாணி". நான் ஒரு குறையும் வைக்கவில்லை. துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் ரோஜாவை வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டார். முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். வெட்டின இடத்திலெல்லாம் சாணி அப்ப வேண்டும், அப்பினேன். வெயில் ஏறிவிட்டது. அப்போது கேட்டது.

"சிவனம்மா."

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று தெருவைப் பார்த்தேன். தெருவில் ஆளில்லை.

"சிவனம்மா, ஒரு வாய் தண்ணி குடும்மா."

ஓடிப் போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படிப் பிடித்ததில்லை.

மறுநாள் பழையபடி "ஏ, இந்தா" வந்தது. நான் போகவில்லை. மத்தியானத்துக்குள் என் பேர் வந்தது. அடுத்த தடவை சாயங்காலம் ஆயிற்று. அதற்கடுத்த தடவை இன்னும் தாமதித்தது. செம்பைக் கட்டிலுக்கு எட்டாத ஸ்டூலில் வைத்தேன். கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மனுசருக்கு நம்பிக்கை விட்டுப்போகும் அல்லவா?

ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகள் தீபா போனில் கேட்டாள். "அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"சாதுவாயிட்டாருடி. பேரு சொல்லிக் கூப்பிடுறாரு."

"நெசமாவா? உனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்குன்னு சொல்லு." விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாசியில் ரோஜா மொட்டு கட்டி நின்றது. அன்றைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாள். குடம், அண்டா எல்லாம் நிரப்பிவிட்டுச் செடிக்கு ஊற்றினேன். அவருக்கு முந்தாநாளிலிருந்தே கொடுக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். மறந்துபோய் இல்லை. பேர் வரவில்லை, அதனால் கொடுக்கவில்லை.

செம்போடு போய்ப் பக்கத்தில் நின்றேன். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். காற்றுத்தான் வந்தது.

"சொல்லுங்க" என்றேன். "பாதி சொன்னாலும் போதுங்க."

கண் செம்புக்குப் போயிற்று. என்னிடம் வரவில்லை. பிடிவாதக்காரர், தாயி. ஜன்னல் வெயில் சுவரேறிப் போகும்வரை நின்றேன். கை கடுத்தது. அவர் மூச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீபா வந்தாள். அப்பாவின் உதடு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தாள். வாசலில் ரோஜா மண் சொதசொதவென்று இருந்ததையும் பார்த்தாள். "பாவி, செடிக்கு ஊத்துனியே" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் ஈவிரக்கம் இல்லாதவள் என்று உங்கள் முகம் சொல்கிறது. சற்று நேரத்துக்கு முன்னால் நீங்கள்கூடத் தண்ணீர் கேட்டீர்கள். "சிவனம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்றீர்கள். நான் ஒரு நிமிஷம் நிற்க வைத்தேனா? கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது.

அவர் போன பிறகும் மத்தியானம் ஆனால் அந்த அறையில் சத்தம் வருகிறது. முதலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம். சோற்றில் கை வைத்தால் அதுதான் கேட்கிறது, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம்கூட இறங்க மாட்டேன் என்கிறது. தீபாவை நிறுத்திக் கேட்டேன், அவள் காதில் விழவில்லையாம். நேற்று கட்டில் விரிப்பை மாற்றி இழுத்துவிட்டேன். இன்று பார்த்தால் ஆள் படுத்த மாதிரிக் குழிந்திருக்கிறது. பிறகு அந்தக் குரல், கம்மலாக.

"ஏ, இந்தா."

கொடுக்க மாட்டேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் செம்பை நிரப்பிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில்தான் நிற்கிறேன். பேரைச் சொல்லட்டும், கொடுக்கிறேன்.