ஷெட்டில் தங்கிய பாத்திரம்

— மேல இருக்கற சோறு நல்லா இருக்கு, அடியில மட்டும் புளிச்சி நாறுது. ஒரே பாத்திரம், ஒரே சோறு. அது எப்படி ஆஞ்சப்பண்ணே?

— என்னைக் கேட்டா? நான் வண்டி ஓட்றவன் மேகலாம்மா. ஆஞ்சப்பன் ஸ்டியரிங் புடிச்சாலே சோறு புளிச்சிரும்னு கேன்டீன்ல பேசிக்கிறானுங்க.

— சிரிக்காதீங்க. மணி பதினொண்ணேகால். நம்ம கம்பெனி கேன்டீன் மிச்சச் சோறு ரெண்டரைக்கு வண்டியில ஏறணும். அதுக்குள்ள காரணம் சொல்லலைன்னா இன்னியோட நிறுத்திக்கலாம்னு வெல்ஃபேர் ஆபீசர் சொல்லிட்டாரு. சோத்தைக் குழியில கொட்டினா அவரை யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. குடுத்து ஒரு குழந்தை வாந்தி எடுத்தா கேப்பாங்க.

— பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குதாம்? ஷெட்டு கெம்பம்மா பொண்ணுக்கு?

— யுவஸ்ரீக்கா? காலையில கஞ்சி குடிச்சாளாம், போன்ல சொன்னாங்க. ராத்திரி மூணு தடவை எடுத்திருக்கா. எனக்குத் தூக்கமே இல்லண்ணே. ஆமா, வாயில என்ன?

— பன்னு.

— அறுபது கிலோ சோறு ஏத்தற வண்டி. ஓட்டறவருக்கு தெனமும் மத்தியானம் பன்னா?

— அது மத்தவங்களுக்குன்னு எடுத்த சோறும்மா. அதுல கை வெக்க மனசு வரல. ஊட்டுக்காரிக்கு காலையில ஆறு மணி ஷிப்டு. கட்டிக் குடுக்க யாரு இருக்கா?

— சரி, நான் மொதல்லேருந்து சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க. கம்பெனியில நான் செய்யற வேலையே இதுதான். ஒரு பீஸ் கெட்டுப்போச்சுன்னா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாப்போம். எதை மாத்தினா கோளாறும் கூடவே போவுதோ, அதுதான் காரணம்.

— சொல்லு, சொல்லு. முன்னால லாரி போவுது, காது உங்கிட்டதான் இருக்கு.

— நாலு மாசம் பொட்டலமா குடுத்தோம். ஒரு குறை இல்ல. பிளாஸ்டிக் கவர் வேணாம்னு பத்து நாளைக்கு முன்ன ரெண்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினோம். ஒண்ணாம் நம்பர் காவேரிப்பட்டினம் முதியோர் இல்லத்துக்கு, ரெண்டாம் நம்பர் குருபரப்பள்ளியில கட்டட வேலைக்காரங்க ஷெட்டுக்கு. மறுநாள்லேருந்து ரெண்டாம் நம்பர் மட்டும் புளிக்குது.

— பாத்திரத்துலதான் கோளாறுன்னு நானே சொன்னனே.

— அதனாலதான் புதன்கிழமை மாத்தினோம். ரெண்டாம் நம்பரை இல்லத்துக்குக் குடுத்தோம். அங்க புளிச்சிது. ஷெட்டுல நல்லா இருந்துச்சி.

— பாத்தியா? பாத்திரந்தான்!

— அவசரப்படாதீங்க. நேத்து அதே மாதிரிதான் குடுத்தோம். ரெண்டாம் நம்பர் இல்லத்துல நல்லா இருந்துச்சி. ஒண்ணாம் நம்பர் ஷெட்டுல புளிச்சிது. ஒண்ணாம் நம்பர் அதுவரைக்கும் கெட்டதே இல்ல.

— அய்யோ தேவுடா. பாத்திரமும் இல்ல, எடமும் இல்ல. அப்ப என்னாதான்?

— நைட்டெல்லாம் உக்காந்து யோசிச்சேன். எந்தப் பாத்திரம் முந்தின ராத்திரி ஷெட்டுல தங்குச்சோ, அதுதான் மறுநாள் புளிக்குது. எங்க போனாலும் புளிக்குது.

— ஷெட்டுலயா? அவங்க சாம்பல் போட்டுத் தேச்சித் தராங்கம்மா. அதுல மூஞ்சி பாத்து தலை சீவலாம். இல்லத்துல வெறும் தண்ணி ஊத்தி ஆட்டித் தரானுங்க, அது கெடறதில்ல!

— அதுதாண்ணே எனக்குக் கஷ்டமா இருக்கு. கெம்பம்மாக்காகிட்ட போய், நீங்க கழுவறது சரியில்லைன்னு எந்த வாயால சொல்றது?

— சொல்லித்தான் ஆவணும். தோ, ஷெட்டு வந்துடுச்சி, கெம்பம்மா தார்ப்பாய்க்கு முன்னாலயே நிக்குது பாரு. இடுப்புல கை வேற.

— வாங்க மேடம்மா. இனிமே சோறு வராதுன்னு சொல்லத்தான வந்தீங்க?

— இல்லக்கா. பாப்பா எங்க?

— உள்ள தூங்குது. மேடம்மா, நாங்க முப்பத்தெட்டுப் பேரு கல்லாவியிலேருந்து வந்து கட்டடத்துக்குக் கம்பி கட்றோம். வேலை உட்டு வந்து அடுப்பு மூட்ட எட்டு மணி ஆவுது. அதுவரைக்கும் பசங்களுக்கு உங்க சோறுதான். அது வரலைன்னா வெறும் வயித்தோட படுத்துக்கும்ங்க. பெரியவங்க நாங்க தாங்குவோம்.

— நிறுத்தக்கூடாதுன்னுதான்கா ஓடி வந்திருக்கேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோவப்படாதீங்க. பாத்திரம் எப்படிக் கழுவறீங்க?

— ஓ! எங்க கை அழுக்குன்னு பேசிக்கிறாங்களா?

— கெம்பம்மா, அது அப்படிச் சொல்லல...

— நீ சும்மா இரு ட்ரைவரே! சாம்பல் போட்டுத் தேச்சி, மூணு தண்ணி ஊத்தறன். ராத்திரியே தேச்சி, மூடி, கிளிப் போட்டு வெக்கறன். நாயி, எறும்பு கிட்ட வராது. தோ இருக்குது, நீங்களே தொறந்து பாருங்க.

— தொறக்கறேன்கா. அண்ணே, அந்தக் கிளிப்பைத் தட்டுங்க... அக்கா, இது என்ன?

— சோறு.

— அடியில ஒரு பிடி சோறு இருக்கு.

— ஆமா, நாந்தான் போட்டன்.

— எதுக்குக்கா?

— என்ன கேள்வி மேடம்மா இது? அடுத்த ஊட்டுப் பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுப்பாங்களா? எங்கூட்டுல அப்படி வளக்கல. நேத்து நீங்க குடுத்தது புளிச்சிருக்குன்னு பாப்பா தின்னப்புறம்தான் தெரிஞ்சிது, மிச்சத்தைக் கொட்டிட்டோம். அப்புறம் அடுப்பு மூட்டி நாங்க ஆக்கினோம். அதுலயும் மொதப் பிடி எடுத்து இதுல போட்டுட்டுதான் தின்னோம்.

— தெனமுமா?

— பாத்திரம் வந்த நாள்லேருந்து. பொட்டலத்துக்குத் திருப்பித் தர என்னா இருக்குது? பாத்திரம் வந்ததும்தான் மனசுக்கு நல்லா இருந்துச்சி. ஏன் மேடம்மா, ஏன் அப்படிப் பாக்கறீங்க? ட்ரைவரே, நீ ஏன் தலையில கை வெச்சிகினு நிக்கற?

— ஒண்ணுமில்ல கெம்பம்மா. கேன்டீன் மாஸ்டர் ஒருநாள் கத்துனாரு. எனக்கு முன்னாடி எவன்டா இதுல சோறு போட்டதுன்னு. ஹெல்பர் போட ஆரம்பிச்சிட்டான்னு நெனச்சி, அதுக்கு மேலயே கொட்டிட்டாரு. நானும் காதுல வாங்கிக்கல.

— மேடம்மா, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— பாலுக்கு உறை ஊத்துவீங்கதானக்கா? ஒரு ஸ்பூன் மோரு குண்டான் பாலையும் மாத்திடுதே. கொதிக்கற பால்ல ஊத்தினா புடிக்காது. ஆறிப்போனாலும் சரியா புடிக்காது. வெதுவெதுன்னு இருக்கணும். கேன்டீன்ல சாப்பிட்டு முடிச்ச மிச்சச் சோறும் அதே வெதுவெதுப்புலதான் வருது. ராத்திரிலேருந்து மூடிக் கெடந்த பிடிச்சோறு அதுக்குள்ள புளிச்சிருக்கும். அதுக்கு மேல முப்பது கிலோவைக் கொட்டி, திரும்பவும் மூடறோம். பெரிய பாத்திரம், நடுவுல சூடு போகவே போகாது. அடியிலேருந்து புளிப்பு மேல ஏறிக்கிட்டே வருது.

— அப்ப... எம் பொண்ணு வாந்தி எடுத்தது எங்கையாலதானா?

— அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. நாங்க பத்து நாளா ஒரு தடவைகூட உள்ள எட்டிப் பாக்கல. அதுதான் தப்பு. உங்க கை சுத்தம்கா.

— சுத்தமான கைதான் அவளுக்கு அந்தப் புளிச்ச சோத்தைப் போட்டுச்சி.

— அழாத கெம்பம்மா. பாப்பா முழிச்சிக்கும்.

— சரி மேடம்மா. இனி போட மாட்டன். ஆனா ஒண்ணு, பாத்திரமும் வேணாம்.

— ஏன்கா?

— தெனமும் வாங்கித் தின்னுட்டு வெறும் பாத்திரத்த நீட்ட எங்களால முடியாது. எட்டு மணிக்கே ஆக்கிக்கறோம். பசங்க பழகிக்கும்.

— காரணம் கெடச்சுதுன்னு சந்தோஷப்பட்டேன். இப்ப நீங்களே நிறுத்தறீங்களேக்கா! ஆஞ்சப்பண்ணே, ஏதாச்சும் சொல்லுங்க.

— என்னா சொல்றது? அது சொல்றது நாயந்தான். நானே அந்தச் சோத்துல கை வெக்காம பன்னு தின்றவன்.

— பன்னு... அக்கா, ஒரு நிமிஷம். காலையில அடுப்பு மூட்டுவீங்களா?

— அஞ்சரைக்கு. களியோ சோறோ ஆக்கித் தின்னுட்டுதான் கம்பிக்குப் போவோம். ஏன்?

— சின்னத் தூக்கு ஏதாச்சும் இருக்கா, மூடியோட?

— பால் வாங்கற தூக்கு இருக்குது. எதுக்கு மேடம்மா?

— பெரிய பாத்திரத்தைக் கழுவி, மூடாம வெயில்ல கவுத்து வெச்சி காலியாவே அனுப்புங்க. காலையில ஆக்கினதுல உங்க பிடி அந்தத் தூக்குல வரட்டும், அதுதான் இனிமே ஆஞ்சப்பண்ணனோட மத்தியானச் சாப்பாடு.