ஹேடோ குவார்ட்டர்ஸில் தப்புச் சத்தம்

— இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி உதயா, கருகிடப் போகுது! அரே, கேஸ் அடுப்பு இது. உங்க கச்சால் தீவுல ரப்பர் ஷீட் காயப்போடற புகைக்கூடு இல்ல.

— தெரியுது சங்கவி. தோலுல சூடு ஏறணும் தானே? ஒரு நாள் பூரா கப்பல்ல உப்புக் காத்து குடிச்சிட்டு வந்திருக்கு இந்தத் தப்பு. இப்ப தட்டினா சாக்கு மூட்டையத் தட்டுற மாதிரித்தான் கேக்கும்.

— போன வாரம் நீ ரெக்கார்டு பண்ணிக் கப்பல்காரங்க கையில குடுத்துவிட்ட மெமரி கார்டுல அப்படித்தான் இருந்துது. மழை, தவளை, நடுவுல சாக்கு மூட்டை.

— அன்னிக்கு அப்பிடி மழை. நெட்டும் போயிருச்சு, உங்களுக்கு அனுப்பி சரியா இருக்கான்னு கேக்க வழியில்ல. அதனால தானே நானே ஏறி வந்தேன். வெளிய நாலு தென்னோலையக் கொளுத்தினா ரெண்டு நிமிஷத்துல கிண்ணுன்னு காஞ்சிரும்.

— கொளுத்து, கொளுத்து. போர்ட் பிளேயர் வார்ஃப் பக்கத்துல தீ வெச்சான்னு ஃபயர் சர்வீஸ் வந்து நிக்கும். எங்கப்பா அங்கதான் கிரேன் ஓட்டறார்.

— மணி என்னா?

— மூணே முக்கால். ரெக்கார்டு போடற மோரா நாலரைக்குக் கதவைச் சாத்திடுவா. அவ ஊர் ஸ்காட்லாந்துல அப்போ மதியம் பன்னெண்டு. அதுக்குள்ள நம்ம அடி போய்ச் சேரலேன்னா, ரெக்கார்டு நாம இல்லாமலேயே தட்டு அடிக்கற ஃபாக்டரிக்குப் போயிரும். ஜல்தி கர்!

— அவசரப்பட்டா தோலு கேக்குமா? மத்தப் பாட்டெல்லாம் ரெடியா?

— ஒன்பது பாட்டும் ரெடி. நம்மது பத்தாவது. நீ இன்னும் கேக்கவே இல்லல்ல? அடுப்ப அணை. இந்தா ஹெட்ஃபோன், மாட்டு. கண்ண மூடிக்க.

— ம்... பொம்பளக் குரலு. அழுவுதா, பாடுதா?

— பாடறா. அவங்க தீவுல ஆடு மேய்க்கறவங்க பாட்டாம். மோரா தனியா ஒரு மாதா கோயில்ல உக்காந்து பாடியிருக்கா. வெயிட் பண்ணு, இப்ப வருவான் பாரு.

— யாரு? ஐயோ சாமி! கித்தாரு பின்னால போவுது!

— அதான் கேலப்! அமெரிக்காவுல எங்கயோ மலைக்காட்டுல மர வீட்டுல இருக்கான். தான் வாசிச்சதையே டேப்ப திருப்பிப் போட்டு ஓட விட்டிருக்கான். இவ பாட்ட கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்புவா, அவன் கித்தார இந்தப் பக்கம் அனுப்புவான். நாலு வருஷமா இப்படித்தான், ரெண்டு பேரும் நேர்ல பார்த்ததே இல்ல.

— தரை ஆடுது சங்கவி. கப்பல விட்டு எறங்கி மூணு மணி நேரம் ஆச்சு, இன்னும் ஆடுது.

— கப்பல் இல்ல அது, சைக்கடெலிக் ம்யூசிக்! நான் முதல்ல கேட்டப்ப கட்டில் போர்ட் பிளேயரத் தாண்டிப் போயிருச்சு. நாட்டுப்பாட்டுதான், ஆனா கேக்க கேக்க சுவரெல்லாம் கரையுது பாரு.

— இருங்க இருங்க... நின்னு போச்சே?

— அங்கதான்! அந்த ஓட்டை நமக்கு. ரெண்டு நிமிஷம் பதினொரு செகண்ட். போன வருஷம் நீ கப்பல் டெக்ல அடிச்சத நாப்பது செகண்ட் நெட்ல போட்டேன்ல? அதக் கேட்டுட்டு மோரா எழுதினா, இந்தக் கைக்குன்னு பாட்டுக்கு நடுவுல இடம் விட்டு வெக்கறேன்னு. உனக்கு அப்புறம் மறுபடி கித்தார் வரும், குரல் வரும், எல்லாம் உன் அடி மேலதான் வந்து உக்காரும்.

— ரெக்கார்டு அட்டையில என்னா போடுவாங்க?

— உன் பேரு, கச்சால்னு ஊர் பேரு. வாத்தியம்: தப்பு. அது என்ன, எதுக்கு அடிப்பீங்கன்னு மோரா கேட்டா. மூணு பக்கம் எழுதினேன்.

— பெரட்டு, அதான் காலையில வேலைக்கு ஆள் கூட்டறது, அது பத்தி எழுதினீங்களா? நாங்க கச்சாலுக்கு வர்றதுக்கு முன்ன, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல எங்க பெரியப்பா விடிய முன்னாடி இதை அடிச்சாத்தான் லயத்து வீட்டவிட்டு சனம் வெளிய வருமாம். அந்தச் சத்தத்துக்குத்தான் கொழுந்து எடுக்கப் போவாங்க. மாரியம்மன் திருவிழாவுக்கும் அது, கல்யாணத்துக்கும் அது.

— எல்லாம் எழுதினேன். கேலப் படிச்சிட்டு, தான் கம்ப்யூட்டர்ல செஞ்ச ட்ரம்மெல்லாம் தூக்கிக் கடாசிட்டேன்னான். சலோ, மைக்குக்கு ரெண்டு அடி தள்ளி நில்லு. நான் ஜன்னல சாத்தறேன்.

— ஜன்னல எதுக்கு சாத்துறீங்க? இங்க ஏற்கனவே வேர்வை ஆறா ஓடுது. வேர்வை பட்டா தோலு மறுபடி எறங்கிடும்.

— வண்டிச் சத்தம் வரும். டென்ஷன் மத் லே. ரெடி? மூணு, ரெண்டு... அடி!

— ...

— ஆஹா! அப்படித்தான்! விடாத, விடாத, இன்னும் இருபது செகண்ட்... ச்சே! யாரு அது கதவத் தட்டறது?

— ஏம்மா சங்கவி! கதவைத் திறம்மா! யாரு போயிட்டாங்க?

— யாரும் போகல ஜம்புலிங்கம் அங்கிள்!

— போகலையா? மூணாவது ப்ளாக்லேர்ந்து சட்டைப் பட்டன்கூடப் போடாம ஓடி வர்றேன், பாத்துக்கோ. கீழ ஏழெட்டுப் பேர் நிக்கறாங்க. உங்கப்பாவுக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு ஒருத்தர் மாலைக்கே ஆள் அனுப்பிட்டார்!

— அரே, அப்பா டியூட்டில இருக்கார் அங்கிள். இது ஒரு ப்ராஜெக்ட். வெளிநாட்டு ம்யூசிக். அது சும்மா ஒரு... ட்ரம்.

— ட்ரம்மா? எனக்குத் தெரியாதாம்மா இந்தச் சத்தம்? யாரும்மா இந்த ஆளு? ஏ பாய், க்யா பஜா ரஹே ஹோ?

— தமிழ்தாங்க ஐயா. கச்சால்லேர்ந்து வர்றேன்.

— ரப்பர் தோட்டத்து ஆளு அங்கிள். தட்டிக் காட்ட வந்திருக்கார், அவ்வளவுதான். நமக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

— அப்படிச் சொல்லு. உங்கப்பா கோயில் கமிட்டியில இருக்கற மனுஷன், பாத்துக்கோ. நாள் கிழமை தெரியாம இந்த வீட்டுல எழவு மேளம் கேட்டா சனம் என்ன நினைக்கும்? சரி, கீழ இருக்கறவங்கள நான் போய் அனுப்பி வெக்கறேன். சத்தத்தக் குறைம்மா.

— தேங்க்ஸ் அங்கிள். ...போயிட்டார். உதயா, மறுபடி! நாலு அஞ்சு ஆச்சு. இன்னொரு தரம் சூடு காட்டிட்டு... ஏய், என்ன பண்றே? ஏன் துணியில சுத்தறே?

— நான் கப்பல் துறைக்கே திரும்பிப் போறேன்.

— பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு? அனுப்பறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகும். அவங்க ரெண்டு பேரும் அங்க நமக்காகக் காத்துட்டு உக்காந்திருக்காங்க!

— அந்த ஸ்காட்லாந்து அம்மாவுக்கு இது பேரு தப்புன்னு மூணு பக்கம் எழுதத் தெரியுது உங்களுக்கு. பக்கத்து ப்ளாக் ஐயாவுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில வரல தானே? ட்ரம்மாம்.

— அவர் ஒரு மாதிரி ஆளு. உனக்குத் தெரியாது.

— அவரு கேட்டதுல எனக்கு வருத்தமே இல்ல. மெயின்லேண்டுலேர்ந்து வந்த ஆளுங்க இதச் சாவுக்கு மட்டும்தான் கேட்டிருப்பாங்க, பாவம். நீங்க சொன்னீங்க பாருங்க, ஒரு சம்பந்தமும் இல்லைன்னு. ஒரு வருஷமா போன்ல கூட இருந்து தாளம் எண்ணினது யாரு? அதுதான் இங்க குத்துது.

— மன்னிச்சிடு. சத்தியமா மன்னிச்சிடு. வாயில வந்திருச்சு.

— அப்ப ஜன்னலத் தொறங்க.

— ஜன்னல் வேணாம்.

— வண்டியே ஓடல அங்க. கோழி கூடக் கத்தல. வண்டிச் சத்தத்துக்கு நீங்க சாத்தல, என் சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு சாத்தினீங்க. உலகம் பூராவும் போகலாம், மூணாவது ப்ளாக்குக்குப் போகக் கூடாது. அப்பிடித்தானே?

— எங்கப்பா முப்பது வருஷமா இங்க ஒரு பேர் சம்பாதிச்சு வெச்சிருக்கார் உதயா.

— ஒரு தப்புச் சத்தத்துல போற பேரா அது?

— ஆமா. போகும்.

— எனக்கு வெளங்கல. என்னாதான் பயம் உங்களுக்கு? நான் அடிக்கிறேன், என் கையி, என் தோலு. உங்களுக்கு அதுல என்னா?

— மணி நாலு பதினாலு.

— மணிய விடுங்க, பயம் எதுக்குன்னு சொல்லுங்க.

— மோரா மெசேஜ் அனுப்பறா. கெட்டில்ல தண்ணி வெச்சிருக்காளாம், நம்ம அடி வந்தாத்தான் டீ போடுவாளாம். கேலப்புக்கு இன்னும் விடியல, வாசல்ல உக்காந்திருக்கானாம். இத விட்டா இந்த மாதிரி இன்னொரு தரம் வருமா? நீயே சொல்லு, வருமா?

— வராது. எனக்குந்தான் தெரியுது. அந்தக் கித்தாரு இன்னும் காதுக்குள்ள பின்னால போயிட்டே இருக்கு. ஆனாலும் ஜன்னல சாத்திட்டு அடிக்க மாட்டேன். எங்க பெரியப்பா இதை ஒளிஞ்சு அடிக்கல.

— ...தள்ளு. அந்தக் கொக்கி துருப்பிடிச்சிருக்கு, இழுத்தாத்தான் வரும்.

— நெசமாவா?

— ரெண்டு ஜன்னலும் தொறந்தாச்சு. கதவும். போதுமா? அடுப்பப் பத்த வை, சூடு காட்டு!

— காட்டுறேன், காட்டுறேன். கேளுங்க இப்ப. ஆஹா! கிண்ணுங்குது! கடல் காத்துலயும் கிண்ணுங்குது சங்கவி!

— நாலு இருபது. ஒரே ஒரு டேக். மைக்க ஆன் பண்ணிட்டேன், ரெக்கார்டு ஓடுது. எது நடந்தாலும் நிறுத்தாத.

— நிறுத்த மாட்டேன். எண்ணுங்க.

— ஏம்மா சங்கவி! இப்பத்தான் எல்லாரையும் அனுப்பினேன், அதுக்குள்ள கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து போட்டு, மறுபடியும் அதேதானா! நம்ம மாதிரி வீட்டுல வெச்சு அடிக்கற மேளமா இது? உங்கப்பா வந்தா என்ன பதில் சொல்லுவே?

— எங்கப்பாவோட அப்பா எட்டயபுரம் பக்கம் ஒவ்வொரு எழவு வீட்டு வாசல்லயும் நின்னு இதைத்தான் அடிச்சார் அங்கிள். இப்ப நான் சொன்னதும் ரெக்கார்டுல ஏறிடுச்சு, வெட்டப் போறதில்ல. உள்ள வந்து உக்காருங்க. உதயா, அடி!