பூச்சி மருந்து

ஈரத் துணி வேணாம் தம்பி, காஞ்ச துணியால தொடை. அது அழுக்கு இல்ல லா, பூஞ்சை. ச்சீ, மூக்குகிட்ட கொண்டு போகாத. ராஃபேல் இருந்த வரைக்கும் இந்த ஆல்பத்த யாரையும் தொட விட்டதில்ல. அவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப கரப்பான் முட்ட போட்டு வச்சிருக்கு பாரு. கூடப் பொறந்தவன்தான். அதுக்காக நல்லவன்னு சொல்லணுமா? படம் ஒட்டிக்கிட்டு வரலன்னா இழுக்காத, நூல் தர்றேன், அடியில விட்டு மெதுவா அறு. உன் மிஷின அந்த மேசையில வச்சுக்க. உங்க பழைய படம் போடுற குரூப்புக்கு எத்தன வேணும்னாலும் ஸ்கேன் பண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல. அந்த மஞ்ச பிளேன் படத்த மட்டும் கேக்காத. அத விடு.

ஏன்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல இதப் போடு. பின்னாடி எழுதியிருக்கா? எண்பத்திரண்டு, சுங்கை பீசி. ஆமா, இதுதான் அவன் மொத மொத பாத்த ஏர் ஷோ. அசாம் ஜாவாவுல பஸ் ஏறி, பெரிய டவுன் கேஎல்லுல எறங்கி இன்னொரு பஸ் பிடிச்சுப் போனான். ராத்திரி வந்தவன் சோறு கூடத் திங்கல, கைய ரெண்டையும் பரப்பிக்கிட்டு லயத்து வீட்டு வரிசை முழுக்க ஓடுறான். அப்ப அவனுக்கு இருபத்து நாலு வயசு, எஸ்டேட் மில்லுல வேல பாக்குறவன், எனக்கே வெக்கமா இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சுப் படம் கழுவி வந்துச்சு. பாரு அக்கா, நாலு ஜெட்டு ஒண்ணா திரும்புதுன்னு நீட்டுறான். நான் ஈ உக்காந்திருக்குன்னு தட்டி விட்டேன். சிரிக்காத, நெசமாத்தான். நீயே பாரு, நாலு புள்ளி தெரியுது, அதுல எது ஜெட்டு, எது பூஞ்ச?

இதுவா? இது எண்பத்து நாலு. பாராசூட்டுல ஒருத்தன் குதிச்சானாம், காத்து தள்ளிக்கிட்டுப் போயி சாக்கடையில எறக்கிருச்சாம். கழுத்து வரைக்கும் சகதி, அவனும் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சானாம், சனம் கை தட்டுச்சாம். இத ராஃபேல் நூறு தடவ சொல்லியிருப்பான், சொல்லும்போதெல்லாம் கண்ணுல தண்ணி வந்துரும். ஆனா படத்துல என்ன இருக்கு? ஏதோ ஒரு அங்கிளோட முதுகு. முதுகுக்குத்தான் இத்தன வருஷம் பிளாஸ்டிக் தாள் போட்டுப் பாதுகாத்திருக்கான். உங்க குரூப்புல இதையுமா போடுவீங்க? போடுங்க போடுங்க. வேற வேல இல்ல.

தே ஓ ஆறுது, குடி, பால் ஊத்தாத டீதான்.

எண்பத்தாறுல மட்டும் எஸ்டேட்டே கெளம்புச்சு. எஸ்டேட் மேனேஜர் தொர பெரிய மனசு பண்ணி ரெண்டு லோரி குடுத்தாரு. ஞாயித்துக் கெழம காலையிலயே பொம்பளைங்க எல்லாம் பூ வச்சு, பவுடர் போட்டு, புளிச்சோறு கட்டி எடுத்துக்கிட்டு லோரியில ஏறுறாளுங்க. நானும் சீலைய மடிச்சு வச்சிருந்தேன். ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வந்து நிக்கிறாரு. முரியல், நீ போயிட்டா சின்னப் பிள்ளைங்கள யாரு பாப்பாங்கறாரு. நான் ஆயாக் கொட்டாயில வேல பாத்தேன், பால்மரம் வெட்டப் போறவங்க, எண்ணெ எடுக்குற செம்பனையில வேல செய்யுறவங்க, எல்லாரோட பிள்ளைங்களும் பகல்ல என்கிட்டத்தான் கெடக்கும். ஞாயித்துக் கெழம எனக்கு லீவு. ஆனா அன்னிக்கு லீவு இல்ல. ஆத்தாளுங்க பிளேன் பாக்கப் போறாளுங்க, நான் அவளுங்க பெத்ததுக்குப் பீ கழுவிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். பதினோரு பிள்ளைங்க. ஒண்ணு அழுதா பத்தும் அழும்.

சாயங்காலம் திரும்பி வந்தாளுங்க பாரு, எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ஆளாளுக்கு ஒரு கதை. செவப்புப் பொக விட்டானாம், தலகீழாப் போனானாம். இராஜம்மா வந்து, அவ மக ரமணிய என் இடுப்புலேருந்து வாங்கிக்கிட்டே சொல்றா, அக்கா, நீ பாக்கணுமே அக்கா, பிறந்ததுக்கு ஒரு தடவ பாக்கணும் அக்கான்னு. அவ வெள்ளந்தி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்லல. எனக்குத்தான் அவ வாயிலயே ஒண்ணு போடணும் போல இருந்துச்சு.

என்ன காட்டுற? கண்ணாடி இல்லாமத் தெரியாது, இரு. ஓ, இதுதானா. இந்த மஞ்ச பிளேன் உன் போனுக்குள்ள எப்படி வந்துச்சு? போட்டோ போட்டி வச்ச கிளப்புக்காரன் பழைய புத்தகத்துல போட்டதா? பொடிசா இருக்கு, மூஞ்சி ஒண்ணும் தெரியல. எத்தன பேரு லைக் போட்டிருக்கான்? நானூறா? கருமம். கீழ என்ன எழுதியிருக்கு, படி. ஏர் ஷோ, கோலசிலாங்கூர், எண்பத்தாறு. பொக அழகா இருக்காம், ஆசையா கை காட்டுற பிள்ளைங்க அதவிட அழகாம். தூ!

ஏர் ஷோவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது பொக இல்ல தம்பி. மருந்து.

பூச்சி மருந்து லா. அந்த வருஷம் செம்பன மட்டையெல்லாம் புழு விழுந்து, ஈர்க்குச்சி மட்டும் நின்னுச்சு. ஆள வச்சு அடிச்சுக் கட்டுப்படியாகல, தொர பிளேன் சொல்லி விட்டாரு. மரத்துக்கு மேல தாழப் பறந்து தெளிச்சுக்கிட்டே போகும். செம்பனையும் ஆயாக் கொட்டாயும் ஒரே வேலிதான், அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் நாங்க. முந்தின நாளு, ஆளுங்கள வேல வாங்குற சின்னையா மண்டோர் வந்தாரு. முரியல், நாளைக்குக் காலையில பூச்சி மருந்து வருது, பிள்ளைங்கள எங்கயும் விடாதன்னு சொல்லிட்டுப் போனாரு. நீயே சொல்லு, ஆயாக் கொட்டாயில பூச்சி மருந்துன்னா என்ன? வயித்துல கெடக்குற பூச்சிக்குக் குடுப்பாங்களே, அதான. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர் மோட்டார் சைக்கிள்ல கொண்டு வருவாரு. அன்னிக்குப் பிள்ளைங்களக் கழுவி, பவுடர் போட்டு, வாசல்ல வரிசையா நிக்க வைக்கணும். வாயத் தொறந்தா ஆளுக்கு ஒரு கரண்டி. நான் அப்படித்தான் நிக்க வச்சேன். வாசல்ல. வரிசையா.

பிளேன் வந்துச்சு. பிள்ளைங்க வாயத் தொறந்துக்கிட்டு மேல பாத்து நின்னுச்சுங்க.

ராஃபேல் மில்லுல சத்தம் கேட்டு, கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடி வந்திருக்கான். ஏர் ஷோவுல எடுத்தது போக ரோல்ல ரெண்டு மிச்சம் இருந்துச்சாம். நாலு வருஷம் கேஎல்லுக்கு நடையா நடந்து புள்ளி புள்ளியா எடுத்தவனுக்கு அன்னிக்குத்தான் பிளேன் முழுசா மாட்டுச்சு. மாட்டின ஒடனே அமுக்கிட்டான். அவனுக்கு முன்னாடியே தெரியாது, அத நான் மறைக்கல. ஆனா அதுக்கப்புறம் என்ன பண்ணுனான் கேளு.

மத்தியானத்துக்குள்ள பதினோரு பிள்ளைங்களும் வாந்தி. வாயில எச்சி ஒழுகுது, கண்ணு சுருங்கிப் போச்சு, மூத்திரம் தன்னால போகுது. அந்த நாத்தம் மண்ணெண்ணெயும் அழுகுன பூண்டும் கலந்த மாதிரி இருந்துச்சு. லோரியில அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுனோம். பத்துப் பொழச்சுச்சு. ரமணி கோலசிலாங்கூர் டவுன் வர்றதுக்குள்ள என் மடியிலயே போயிட்டா. மூணு வயசு. படத்துல மொதல்ல நிக்கிறா பாரு, பூப்போட்ட கவுனு. அவதான்.

அந்தப் படத்தத்தான் என் தம்பி ஏர் ஷோன்னு பேரு போட்டுப் போட்டிக்கு அனுப்புனான். நாப்பது நாள் காரியம் கூட முடியல. மூணாவது பரிசு, ஒரு ஃபிளாஸ்க்கு. அத வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரியில வச்சான். நான் அதுல ஒரு நாளும் தண்ணி ஊத்துனதில்ல. ஏன்டா, இது ஏர் ஷோவாடான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. ஏர் ஷோவாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதுலயும் ஒரு சௌகரியம் இருந்துச்சுன்னு வச்சுக்கயேன்.

கேசா? கேசெல்லாம் நடக்கல. ஆபீஸ்ல மேசை போட்டு விசாரிச்சாங்க. தொர, கிராணி, வெளியிலேருந்து ரெண்டு பேரு. நான் சொன்னேன், பூச்சி மருந்துன்னாரு, நான் டிரெசர் மருந்துன்னு நெனச்சேன்யான்னு. அழுதேன். கிராணி கண்ணக் கூட தொடச்சுக்கிட்டாரு. சின்னையா, நான் தெளிவாச் சொன்னேன், பிளேன்ல வருதுன்னு சொன்னேன்னு கத்துறாரு. அவரு சாயங்காலமானா சம்சு சாராயம் குடிப்பாரு, அது எல்லாருக்கும் தெரியும். குடிச்சிட்டுப் போயி அரகொறையாச் சொல்லியிருக்கான்னு முடிச்சிட்டாங்க. முப்பது வருஷ மண்டோரு, ஒரு மாசத்துல லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சாமான ஏத்தும்போது சனம் வாசல்ல நின்னு துப்புச்சு. தொர? அவருக்கு என்ன, அவரு நல்லாத்தான் இருந்தாரு. பிள்ளைங்க இருக்குற எடத்துல பிளேன் விட்ட ஆளு காருல போனாரு, வாயால சேதி சொன்ன ஆளு லோரியில போனாரு.

சின்னையா செத்துட்டாரு. அவரு மக திலகம் ரவாங் பாசார்ல மீன் வாங்க வரும், என்னப் பாத்தா இன்னும் கையப் பிடிச்சுக்கும். எங்கப்பா பண்ணதுக்கு மன்னிச்சிருங்க அக்கான்னு சொல்லும். அறுபது வயசுப் பொம்பள, மீன் கடையில நின்னு அழுவுது. நான் மீன் பையத் தூக்கிக்கிட்டு நடையக் கட்டிருவேன். இராஜம்மா இதே புக்கிட் செந்தோசாவுலதான் இருக்கா, ரெண்டு வரிசை தள்ளி. கிறிஸ்மஸுக்கு அவதான் எனக்கு மொத ஆளா தட்டுல பலகாரம் கொண்டு வருவா. உன்ன மாதிரி பாவப்பட்டவ யாரும் இல்ல அக்கான்னு சொல்லுவா.

சரி, அந்த மஞ்ச பிளேன் படத்த எடுத்துக்க. அடியில இருக்கு, அந்தப் பழுப்பு உறையில. ஸ்கேன் பண்ணு. ஆனா ஏர் ஷோன்னு போட்டிருக்கிறத அழிச்சுட்டு, ரமணி பேர எழுது. நானூறு பேரு லைக் போட்டானே, அவனுங்க எல்லாருக்கும் தெரியட்டும்.

மூடிய நல்லா அமுக்கு, ஓரம் சுருண்டிருக்கு.

அடேயப்பா, இவ்ளோ பெருசாவா தெரியும்? பிள்ளைங்க பல்லு கூடத் தெரியுது. இதான் ரமணி. அவ கைய யாரு தூக்கிப் பிடிச்சிருக்காங்கன்னு கேக்குறியா, நான்தான், டாட்டா காட்டச் சொல்லித் தூக்கிப் பிடிச்சிருக்கேன். ஓரத்துல பாதி தெரியுறது நான். அப்ப ஒல்லியா இருப்பேன்.

என்ன கேட்ட?

மூக்கையா?

ஆமா. துண்டால மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கிறேன். சரியாத்தான் பாத்திருக்க. பிளேன் இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு, நாத்தம் எங்கள வந்து சேரல. அதுக்கு முன்னாடியே பொத்திட்டேன்.

இந்த எஸ்டேட்டுக்கு வர்றதுக்கு முந்தி நான் சுங்கை ஆயர் தாவார் பக்கம் இருந்தேன் தம்பி. அஞ்சு வருஷம் முதுகுல மருந்து டாங்கி சொமந்து மரத்துக்கு அடிச்ச பொம்பள. இங்க யாருக்கும் அது தெரியாது. பூச்சி மருந்துக்கும் பூச்சி மருந்துக்கும் வித்தியாசம் எனக்கா தெரியாது? கை தன்னால மூக்குக்குப் போயிருச்சு. இன்னொரு கையால அந்தப் பிள்ளைக்கு டாட்டா காட்டச் சொல்லிக் குடுத்திருக்கேன். மரத்துக்கு மேலதான அடிக்கிறான், இவ்ளோ தூரம் வராதுன்னு நெனச்சேன். ஒரே ஒரு தடவ நானும் பிளேன் பாத்துடணும்னு நெனச்சேன். அவ்ளோதான்.

ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட இதச் சொன்னதில்ல.

அழிக்காத. மிஷின ஏன் மூடுற? வெட்டாம, என்னையும் சேத்து முழுசாப் போடு. ரமணி பேர எழுதிட்டியா? அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுது, திலகம் படிக்கிற மாதிரி தமிழ்லயே எழுது. சின்னையா மண்டோர் தெளிவாத்தான் சொன்னாரு.