தனியாகக் கிண்டிய பால்கோவா

பால்கோவாவில் சர்க்கரை கூடிவிட்டால் பால் வாசம் போய்விடும், இன்ஸ்பெக்டர் மேடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு வேறு எதைக் கூட்டினேனோ, சர்க்கரையைக் கூட்டவில்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறேன். குடலைக் கெடுக்கும் பாக்டீரியாவைப் பட்டினி போட்டால் அது நீளம் குறைந்து, ஓடு போர்த்திய உருண்டையாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சவம்தான். "அது செத்துப்போச்சும்மா" என்று சிரித்தார் என் கைடு. வெதுவெதுப்பாகக் கொஞ்சம் ஆகாரம் காட்டினேன், எழுந்து நீந்தியது. பட்டாளத்துக்காரர் மனைவிக்கு இதில் என்ன அதிசயம்? லீவு வரும்வரை ராஜபாளையத்து வீட்டில் நானும் அப்படித்தான் கிடக்கிறேன்.

என் வீட்டுக்காரர் விஜயபாண்டி உத்தமர். தேசம் கூப்பிட்டால் ஓடுவார். நான் கூப்பிட்டால் சிக்னல் கிடைக்காது. கடைசி லீவிலும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஏட்டி, வயித்துவலின்னு லீவு கேக்க நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்றார்.

யோசனை அவருடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் முகாமுக்கு வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். கூட இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பால்கோவா போகும். மாமியார் கடையில் வாங்கி அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு கெடக்கு. நீ எதுக்குட்டி தனியாக் கிண்டுத?"

"இது அவியளுக்கு மட்டும், அத்தை."

வெட்கப்பட்டது அவர்தான். நான் கிண்டி இறக்கி, நன்றாக ஆறிய பிறகு, லேபிலிருந்து கொண்டுவந்ததைக் கலந்தேன். கொல்லவா? சேச்சே. வயிறு கெட்டு, வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுப்பிவைத்தால் போதும்.

என் வீட்டுக்காரரோ முகாமில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்துக் கட்டில் பாலகணேஷிடம் நீட்டியிருக்கிறார். ஆலங்குளத்துப் பையன், கல்யாணம் நிச்சயமானவன். சாப்பிட்டுவிட்டு மரியாதையாக எனக்குப் போன் செய்தான்.

"மதினி, அம்புட்டும் காலி. அடுத்த லீவுக்கு எனக்குன்னு ஒரு டப்பா கிண்டிக் குடுங்க."

உடனே டாக்டரைப் பார் என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டது வேறு.

"அவிய சாப்பிட்டாவளா?"

"அண்ணன் தொடவேயில்ல, மதினி. எம்பொண்டாட்டி கிண்டுனது, தின்னு பாருலேன்னு எனக்கே குடுத்துட்டாரு."

மனசு விட்டுப்போய் போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே அவர் வந்தார், பாலகணேஷின் சவப்பெட்டிக்குத் துணையாக. ஆலங்குளத்தில் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், என் மடியில் முகம் புதைத்து அழுதார். லீவை நீட்டிக் கேட்கப்போவதாகவும் சொன்னார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படித் தேடியதில்லை, மேடம். என் ஆராய்ச்சியில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.