வரவு மணி

நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், அய்யா. எங்கள் வங்கியில் முப்பத்தொரு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்துச் சமாளித்தேன். மேலாளர் நான்தான், புதிது வாங்க உத்தரவு போட்டிருக்கலாம். ஊரார் பணத்தில் நாற்காலி வாங்கி உட்கார மனசு வரவில்லை. என்னைப் பற்றி எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது.

வங்கியின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. அறுபதாம் ஆண்டு மலருக்காக நான் எழுதிய வரலாறு அச்சகத்தில் பாதியில் நிற்கிறது. அச்சகக்காரரும் எங்களிடம் பணம் போட்டவர். அதனால் மீதியை அச்சடிப்பார் என்று தோன்றவில்லை.

ஏழு கடைக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த வங்கி அது. துணிக்கடையின் பின்னறை, ஒரு மேஜை, ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். பெரிய வங்கிகள் தையல்காரரையும் தச்சரையும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய காலம். இங்கே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் பணம் போடவில்லை. அப்போதுதான் முதல் தலைவர் ஒரு வேலை செய்தார். மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றின் வெண்கல மணியை வாங்கிவந்து கவுண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். யார் பணம் போட்டாலும் ஒரு தட்டு. எடுத்தால் தட்டுவதில்லை. முதல் நாள் தன் பணத்தையே போட்டு அவரே தட்டினார். என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்தவர்களில் பதினொரு பேர் அன்றைக்கே கணக்குத் திறந்தார்கள்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த மணி போகவில்லை. எதிரே இருந்த சலூன்காரர் ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கொண்டே முடி வெட்டுவார். சாயங்காலம் அவரிடம் கேட்டால் அன்றைய வரவு எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார், என் குமாஸ்தாவுக்குக்கூட அவ்வளவு சரியாகத் தெரியாது. வருஷாவருஷம் ஆண்டறிக்கையைச் சுவரில் ஒட்டுவேன். மழைக்காலத்தில் அதன் மேல் குடையை மாட்டுவார்கள், மற்றபடி அந்தப் பக்கம் யாரும் திரும்பியதில்லை. மணி அடித்தால் வங்கி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது போதும் அவர்களுக்கு.

இப்போதைய சேர்மன் அந்தத் துணிக்கடைக்காரரின் மகன். ஊரில் அவருக்கு ‘முழம்’ என்று பெயர், எதையும் கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அளக்காமல் செய்தது ஒரே ஒரு காரியம். அவரும் நான்கு இயக்குநர்களும் குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறோம் என்று வங்கியின் பாதிப் பணத்தைக் கடனாக எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவன் நான். ஆறு வருஷம் கழித்தும் கிடங்குக்குக் கூரை வரவில்லை. விஷயம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியே கசிந்தது. திங்கட்கிழமை காலையில் பணம் எடுக்க வந்தவர்களின் வரிசை தபால் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டது.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. எங்கள் பியூன் அதைத் துணியால் துடைத்தபடி நின்றார். மணிச் சத்தம் கேட்கவில்லையே என்றே இன்னும் நூறு பேர் வரிசைக்கு வந்தார்கள். அறுபது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது.

புதன்கிழமை நாலு மணிக்கு மாடி அறையில் கூட்டம். வெள்ளிக்கிழமை மதியம் அரசாங்க ஆட்கள் வந்து சீல் வைத்துவிடுவார்கள், அதைத் தடுக்க வழியே இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சேர்மன் மேஜையின் நீளத்தைக் கையால் அளந்தார்.

“அதுக்குள்ள எங்க பணத்தையாவது எடுத்துக்க முடியுமா?”

“பெட்டியில இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு” என்றேன்.

“வர வைங்களேன்” என்றார்.

என்றைக்காவது இந்த வங்கியைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டுமானால் ஸ்தாபகர்களின் குடும்பங்கள் கையில் காசோடு இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்வதானால் அது உங்கள் இஷ்டம்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். வீட்டை விற்றுவிட்டு அவளும் மகளும் ஒற்றை அறைக்கு வாடகைக்கு மாறியிருந்தார்கள். அத்தான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா துணி தைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தாள், அதற்கு முன்னால் என்னையும். மகளுக்குப் பதினேழு வயசு, சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. அடுத்த புதன்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும், தள்ளிப்போட்டால் பொறுப்பேற்க மாட்டோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு விற்ற பணம் தையல் மிஷின் மேஜையின் இழுப்பறையில் இருந்தது. அதை நான்தான் அங்கே வைக்கச் சொல்லியிருந்தேன்.

“ஒரே ஒரு நாள் அக்கா. நாளைக்குப் போடு, வெள்ளிக்கிழமை காலையில எடுத்துக்க.”

“ஊரே எடுத்துட்டு ஓடுது, நான் மட்டும் போய்ப் போடவா?”

“அதுக்குத்தான் கேக்கிறேன். நீ போட்டா மத்தவங்க நிப்பாங்க. என் முப்பது வருஷ மானம் போகுது அக்கா.”

சின்னவள் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாள். “மாமா, உங்க பாங்க் கவுந்துச்சுன்னா என் நெஞ்சை யாரு ரிப்பேர் பண்றது?”

“நான் பண்றேன்” என்றேன்.

அக்கா எழுந்து மிஷின் பக்கம் போனாள். “உன்னை நம்பாம வேற யாரைடா நம்பப் போறேன்” என்று இழுப்பறையைத் திறந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சீல் வைக்கப் போகும் விஷயம் அப்போது எனக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு அக்கா வந்தாள். வரிசை வழிவிட்டது. அவள் நேராகக் கவுண்டருக்குப் போய்ப் பணத்தை வைத்தாள். பியூன் என் முகத்தைப் பார்த்தார். “அடிங்க” என்றேன். தெருவில் அத்தனை பேச்சும் அப்படியே நின்றது.

சலூன்காரர் கத்தரியோடு வெளியே வந்து நின்றார். “மேனேஜரோட சொந்த அக்கா, மகளோட ஆபரேஷன் காசைப் போடுது. முங்குற பாங்க்குல கூடப் பொறந்தவளையா தள்ளுவான்?” என்று அவர் சொன்னது எனக்குக் கண்ணாடிக்கு உள்ளேயே கேட்டது. அவருடைய கணக்கு சரியான கணக்குதான், அய்யா. அதை நம்பித்தான் நானும் இறங்கினேன். பாதிப் பேர் கலைந்து போனார்கள். முந்தின நாள் எடுத்துப்போனவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பவந்து போட்டார்கள். மூன்று மணிக்குள் அக்காவுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று பேர். மூன்றரைக்குக் கவுண்டரை மூடினோம். அதன் பிறகு பின்னறையில் வைத்து ஐந்து பேரும் காதும் காதும் வைத்தாற்போல எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சீட்டுகள் உங்களிடம் இருக்கின்றன.

மறுநாள் பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். மதியம் வா என்று பாதிக் கதவைத் திறந்து சொன்னேன். சரி என்று எதிர்ச்சாரியில் ஒரு கடைப்படியில் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டரைக்கு உங்கள் ஆட்கள் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கத்தினார்கள், ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அக்கா அவரை விலக்கிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். “காலையில ஏதாவது சாப்பிட்டியாடா?” என்று கேட்டாள். நானும் ஏமாந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு சின்னவள் நாற்பத்தெட்டு நாள் இருந்தாள். அக்கா தையல் மிஷினை விற்றாள், தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் வாசலிலும் போய் நின்றாள். தெரிந்தவர்கள் பணமும் எங்கள் வங்கியில்தான் மாட்டிக்கொண்டிருந்தது, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். ஆஸ்பத்திரி தேதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்கார்ந்து வங்கியின் வரலாற்றைப் படித்துக் காட்டுவேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்களின் இடம் வந்தால் சிரிப்பாள். கடைசி இரண்டு வாரம் சிரித்தால் மூச்சு வாங்கியது, அதனால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தேன். வியாழக்கிழமை காலையில் பல் துலக்கிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அக்கா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் செய்தது தெரிந்து அல்ல, அவள் யாரோடும் பேசுவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. வியாழக்கிழமை பின்னறையில் பணம் எடுத்தவர்கள் ஆறு பேர். சேர்மன் சீட்டில் எழுதியிருக்கும் தொகையில் ஒரு பங்கு என்னுடையது. அவர் மறுக்க மாட்டார், ஏனென்றால் அவர் ஊரிலேயே இல்லை. என் முப்பத்தொரு வருஷச் சேமிப்பு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த என் சொந்தப் பணம். கூட்டிப் பார்த்தால் அக்கா போட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். வரிசையில் ஒரு ஆளாவது குறையட்டும் என்றுதான் எடுத்தேன்.

அதைக் கொண்டுபோய்ச் சின்னவளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் போட்டு எடுத்துப் போகவும் செய்தேன். ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கொடுத்தால் இது எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்பாள். சீல் வைப்பதற்கு முதல் நாளே மேலாளர் தன் பணத்தை எடுத்துவிட்டார் என்று ஊர் பேசும். அறுபது வருஷமாக ஒரு சொல் விழாத வங்கி, அதன் பெயர் என்ன ஆவது?

பணம் என் வீட்டு பீரோவில் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முன்னால் வைத்தே எண்ணச் சொல்லுங்கள். நாற்பத்தெட்டு நாளும் என் கைக்கு எட்டும் இடத்திலேயேதான் இருந்தது, அய்யா. அதில் ஒரு நோட்டைக்கூட நான் செலவழிக்கவில்லை.